வாசலிலிருந்து வகுப்பறை வரை ஒன்றரை கிலோமீட்டர்

கேள்வி: நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்குச் சின்ன வயதிலேயே போலியோ வந்து இரண்டு காலும் போய்விட்டது. காலைத் தாங்கும் காலிப்பர் கருவி போட்டுக் கட்டை ஊன்றித் தெருமுனை வரை நடப்பேன், அதற்கு மேல் முடியாது. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், மாதம் ஒருமுறை வருவார். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். மகனை வரும் ஜூனில் முதல் வகுப்பில் சேர்க்க வேண்டும். பள்ளி ஒன்றரை கிலோமீட்டர். பாதி வழி வாய்க்கால் கரை, அப்புறம் மெயின் ரோட்டைக் கடக்க வேண்டும். இதுவரை மகளைக் கொண்டுபோய் விட்ட மாமியாருக்கு இப்போது முட்டி வலி. மகனை என் அம்மா ஊரில் விட்டுவிடச் சொல்கிறார்கள். அரசு வண்டி ஏதாவது கிடைக்குமா? ஸ்கூட்டர் வந்தால் தீர்ந்துவிடுமா? நான் வீட்டில் ரவிக்கை தைக்கிறேன்.

பதில்: அம்மா ஊரில் விடும் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். ஐந்தரை வயதுப் பிள்ளை அம்மாவைப் பிரிந்து இருக்க ஒன்றரை கிலோமீட்டர் ஒரு காரணமே இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றுக்கொண்டது. தாய்க்கோ தகப்பனுக்கோ ஊனம் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது, பிள்ளை வளர்ப்பில் அவர்களுக்கு அரசு கைகொடுக்க வேண்டும் என்று அதன் 23-ஆம் பிரிவு சொல்கிறது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 24-ஆம் பிரிவு, ஊனமுற்ற பெண்களின் பிழைப்புக்கும் அவர்கள் பிள்ளைகளை வளர்ப்பதற்கும் உதவி என்று தனியாகவே குறிப்பிடுகிறது. சொந்தக்காரர்களிடம் சட்டம் பேச வேண்டாம். ஆனால் ‘நம்மால் முடியாததால்தானே’ என்று நீங்கள் உள்ளுக்குள் குன்றிப் போகாமலிருக்க இது தெரிந்திருக்கட்டும்.

அந்த வரியைக் காட்டினால் நாளைக் காலை வாசலில் வண்டி வந்து நிற்காது, அதுவும் உண்மைதான். இதற்கென்றே பெயர் வைத்த ஒரு திட்டத்தைத் தேடி அலுவலகம் அலுவலகமாக அலைவதைவிட, இருக்கிற நாலைந்தைச் சேர்த்துக் கட்டிக்கொள்வதுதான் நடக்கிற காரியம். நானும் ஊன்றுகோல்காரன், என் இரண்டு பிள்ளைகளும் இப்படித்தான் படித்தார்கள்.

சரி, வழியைத் துண்டு துண்டாகப் பாருங்கள். வீட்டிலிருந்து தெருமுனை வரை நீங்களே போகிறீர்கள். அடுத்தது வாய்க்கால் கரை. அப்புறம் ரோட்டைக் கடக்கும் பத்து எட்டு. கடைசியாக ரோட்டோரமாகப் பள்ளி வாசல் வரை. ஆள் கட்டாயம் வேண்டியது நடுவில் உள்ள இரண்டு துண்டுக்குத்தான்.

வாய்க்காலைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். நம் பக்கம் பள்ளி திறப்பதும் ஜூனில், மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாளும் ஜூன் 12. கோடை விடுமுறையில் பிள்ளைகள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடிய வாய்க்காலில், பள்ளிக்கூடம் தொடங்கிய கொஞ்ச நாளில் தண்ணீர் ஓடும். புதிதாகப் பள்ளிக்குப் போகிற பையன் மனதில் போன மாதத்து வாய்க்கால்தான் இருக்கும். மதகுச் சுவரில் சாய்ந்து, போகிற இலையை எட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

இந்த இடத்தில் எல்லாரும் சொல்வது, ‘அதான் அக்கா இருக்கிறாளே’. எனக்கு அதில் சம்மதம் இல்லை. தம்பியோடு சேர்ந்து நடக்கட்டும், பையைக்கூடத் தூக்கட்டும். ஆனால் தம்பிக்குப் பொறுப்பு எட்டு வயதுப் பெண் ஆகக் கூடாது. அவன் அழுதால் இவளுக்கும் நேரமாகும். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் இவளும் வீட்டில் நிற்பாள். வருகைப் பதிவேட்டைப் பார்க்கும்வரை யாருக்கும் அது தெரியாது. ஊனமுற்ற பெற்றோர் வீட்டில் மூத்த பெண்ணின் படிப்பு இப்படித்தான் சத்தமில்லாமல் தேயும். நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இதே கதை.

ஆகவே ஒரு பெரிய ஆள் வேண்டும், அதுவும் கூலிக்கு. உங்கள் தெருவிலிருந்து அதே பள்ளிக்கு ஐந்தாறு பிள்ளைகளாவது போகும். அவர்களில் ஒருவரின் அம்மாவோ பாட்டியோ எப்படியும் தினமும் நடக்கிறார்கள். அவரிடம் ‘கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா’ என்று சொல்லி வைப்பது நம் வழக்கம். அந்தக் கொஞ்சம், நடவு தொடங்கியதும் காணாமல் போகும். காலையில் நடவுக்கு ஆள் ஏற்றிப்போகும் டாட்டா ஏஸ் வந்துவிட்டால் அவர் என்ன செய்வார் பாவம்! மாதம் இவ்வளவு என்று பேசுங்கள். இன்னும் இரண்டு வீடு சேர்ந்தால் சுமை குறையும். பணம் வாங்கக் கூச்சப்பட்டால் தையல் இருக்கிறது: மாதம் இரண்டு ரவிக்கை, ஓரம் அடிக்க வேண்டிய புடவை, பிள்ளைக்கு ஒரு யூனிபார்ம். கணக்கு நேராகிவிடும், நீங்களும் கடன்பட்ட முகத்தோடு நிற்க வேண்டாம். வயல் வேலை நாளுக்கு மாற்று ஆள் யார் என்பதையும் அன்றே பேசி முடித்துவிடுங்கள்.

அடுத்தது பள்ளி. சேர்க்கைக்குப் போகும்போதே தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் கொடுங்கள். உங்கள் நிலை, காலையில் பிள்ளையை யார் கொண்டுவருவார், மாலையில் யார் அழைத்துப் போவார், அந்த இரண்டு பேரைத் தவிர வேறு யாரிடமும் விட வேண்டாம், எதுவானாலும் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள் — இவ்வளவு போதும். பிள்ளை வந்து சேர்ந்ததும் வகுப்பு டீச்சர் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும். அடுத்த முறை குழு அமைக்கும்போது உங்கள் பெயரைக் கொடுங்கள். உள்ளே போக முடியுமா என்று யோசிக்க வேண்டாம். தேர்தலுக்கு வாக்குச்சாவடி ஆகிற பள்ளிகளில் சாய்தளம் போட்டிருப்பார்கள். நமக்குப் பிள்ளையை விட வழி செய்தது கல்வித் துறையா தேர்தல் ஆணையமா என்று எனக்கு அடிக்கடி சந்தேகம் வரும்.

காலைச் சமையல் உங்கள் தலையிலிருந்து இறங்கும் என்பது இன்னொரு நல்ல செய்தி. 2022-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் நம் திருக்குவளைப் பள்ளியிலிருந்து மாநிலம் முழுக்கப் போன காலை உணவுத் திட்டத்தில் அரசுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ கிடைக்கும். காலிப்பரைப் பூட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்கிற முக்கால் மணி நேரம் மிச்சம். ஆனால் பிள்ளைகள் முதல் மணிக்கு நன்றாக முன்னாலேயே அங்கே இருக்க வேண்டும். அழைத்துப் போகிறவரிடம் நேரத்தை அதற்குத் தகுந்தபடி பேசுங்கள்.

இனி ஸ்கூட்டர். இரண்டு காலும் பாதித்து, இரண்டு கையும் நன்றாக இருப்பவர்களுக்கு, பக்கச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரைத் தமிழ்நாடு அரசு இலவசமாகக் கொடுக்கிறது. படிப்பவர், வேலைக்குப் போகிறவர், சுயதொழில் செய்பவர் கேட்கலாம். வீட்டில் தைப்பதும் சுயதொழில்தான், அதற்கு ஒரு சான்று வாங்கி வையுங்கள். யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு திருவாரூரில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். கையோடு ஒப்புகை ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம். நான் முதல் தடவை ஒரு அலுவலகத்தில் மனுவை மேசையில் வைத்துவிட்டு வணக்கம் சொல்லி வந்தேன். பத்து மாதம் கழித்துப் போனால், ‘அப்படி எதுவும் வரலையே சார்’. இழுத்தடித்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் அந்த ரசீது நகலோடு மனுக் கொடுங்கள்.

ஆனால் உங்கள் கேள்விக்கு ஸ்கூட்டர் முழுப் பதில் ஆகாது. விண்ணப்பித்ததும் கைக்கு வரும் பொருள் இல்லை அது; ஜூன் அதற்காகக் காத்திருக்காது. வந்த பிறகும் எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் போட்டு, மாற்றியமைத்த வண்டிக்கான லைசென்ஸ் வாங்க வேண்டும். பின்னால் ஒரே ஒரு ஆளை ஏற்றத்தான் சட்டம் இடம் கொடுக்கிறது, நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஹெல்மெட்டும் கட்டாயம். இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு நடை. அப்புறம் அகலம். பக்கச் சக்கரங்களோடு சேர்த்து அந்த வண்டி ஒரு தள்ளுவண்டி அகலம் வந்துவிடும். எதிரே டிராக்டர் வந்தால் சாதாரண ஸ்கூட்டர்காரர் ஓரமாக ஒதுங்கிக் கால் ஊன்றுவார். நாம் ஒதுங்கினால் இடது சக்கரம் கரையை விட்டு இறங்கும், ஊன்றக் காலும் இல்லை. ஒரு மாசி மாதம், ரோட்டில் பாதியை அடைத்துக் காயப்போட்டிருந்த நெல்லில் என் வண்டியின் சக்கரம் ஏறிச் சறுக்கியது. பின்னால் மகன். இரண்டு பேருக்கும் சிராய்ப்போடு போயிற்று. அதிலிருந்து அறுவடைக் காலத்தில் பிள்ளையை ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தேன். வண்டி வந்ததும் முதல் மாதம் தனியாக ஓட்டிப் பாருங்கள். கரை வழி சரிப்படாவிட்டால், சுற்றானாலும் தார் ரோட்டிலேயே போங்கள். அந்த வண்டியின் பெரிய பலன், பள்ளியிலிருந்து ‘பிள்ளைக்குக் காய்ச்சல், வாங்க’ என்று கூப்பிட்டால் யாரையும் எதிர்பார்க்காமல் நீங்களே போய் நிற்கலாம் என்பதுதான்.

அரசு வண்டி பற்றி: தொடக்கப்பள்ளி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் நம் மாநில விதி. அந்தத் தூரத்துக்குள் பள்ளி இல்லாத குடியிருப்புகளின் பிள்ளைகளுக்காக, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் போக்குவரத்து, வழித்துணைச் செலவுக்கு இடம் உண்டு. ஒன்றரை கிலோமீட்டர் என்கிறீர்கள். உங்கள் தெரு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று அந்தத் திட்டத்தின் வட்டார அலுவலகமான வட்டார வள மையத்தில் கேளுங்கள். இல்லையென்றால் தலைமையாசிரியர் மூலமாக எழுதிக் கேட்க வேண்டும். அங்கே முதல் கேள்வியே ‘பிள்ளைக்கு என்ன குறைபாடு?’ என்றுதான் வரும், ஏனென்றால் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு வேறொரு படித்தொகை இருக்கிறது. நீங்கள் கேட்பது தூரக் கணக்கில் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பட்டியலில் சேர்ந்தால், தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் ஏற்பாடு வரும். அதனால் மற்ற அம்மாக்களையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மனுவுக்கும் கனம் கூடும்.

டவுன் பஸ்ஸில் உங்களுக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணம் இல்லை, பிள்ளைகளுக்கும் இலவச பாஸ் உண்டு. இலவசம் சரி, அந்தப் படியில் காலிப்பரோடு ஏறுவதுதான் யாருக்கும் இலவசமாக வராது. மினி பஸ் தனியார் வண்டி, அங்கே இந்தச் சலுகை செல்லாது. இங்கிலீஷ் மீடியம் பள்ளி வேன் வாசலுக்கே வருகிறதே என்று யாராவது சொல்வார்கள். மழைக்காலத்தில் அதே வேன் சேற்றில் இறங்க மாட்டேன் என்று மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும். தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீத இட ஒதுக்கீட்டில் சீட்டுக் கிடைத்தாலும் வேன் காசு உங்கள் தலையில்தான்.

அழைத்துப் போகிறவருக்குக் கொடுக்கும் பணத்துக்கு ஒரு வழி பாருங்கள். கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய். உங்கள் சான்றிதழில் உள்ள சதவீதத்துக்கு அது வருமா என்று ஸ்கூட்டர் மனுக் கொடுக்கும் அன்றே கேட்டுவிடுங்கள். மாற்றுத்திறனாளிகள் நல வாரியத்தில் உறுப்பினராகாவிட்டால் அதற்கும் சேர்த்து எழுதிக் கொடுங்கள், பின்னால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை கேட்கலாம்.

ஐப்பசி, கார்த்திகைக்கு ஒரு தனி ஏற்பாடு வேண்டும். பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டைப் பேசி வையுங்கள். மழை பிடித்துக்கொண்டால் உங்கள் ஆள் வரும்வரை பிள்ளைகள் அந்தத் திண்ணையில் இருக்க வேண்டும், தாங்களாகக் கிளம்பக் கூடாது. அந்த வீட்டு எண்ணையும் தலைமையாசிரியரிடம் கொடுக்கும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். நிறைய வீடுகளில் இதைக் கடைசியாக யோசிக்கிறார்கள், எனக்கோ இதுதான் முதலில் தோன்றும்.

பார்வையில்லாத அப்பா ஒருவர் மகளைத் தினமும் தானே கூட்டிப்போவதைக் கும்பகோணம் பக்கம் பார்த்திருக்கிறேன். மகளின் ஒரு காலில் மட்டும் மூன்று முத்து வைத்த கொலுசு. மற்ற பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே அது அவருக்குத் தனியாகக் கேட்கும். சத்தம் நின்றால் அவரும் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ரோட்டைக் கடக்கும் இடத்தில் மட்டும் டீக்கடைக்காரர் இறங்கி வந்து கை கொடுப்பார்.

உங்கள் ரோட்டிலும், பிள்ளைகள் கடக்கும் இடத்துக்கு எதிரே ஒரு கடை இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் ஊரில் இருக்கும்போது, வண்டியில் உட்கார்ந்து அதுவரை போய், கடைக்காரரிடம் பையனைக் காட்டி, ‘அண்ணே, இவன்தான் என் மகன்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள்.