மூன்று மாத கிட் வாங்கலாமா, மாத்திரை மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 27. இரண்டு வருடமாக நெற்றி இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டே போகிறது, உச்சியிலும் மண்டை தெரிய ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்கும் இப்படித்தான். ஒரு இணையதளத்தில் பத்து கேள்விக்குப் பதில் சொன்னேன், உடனே ஃபினாஸ்டரைடு மாத்திரை தேவை என்று வந்தது. எண்ணெய், ஷாம்பு, வைட்டமின் எல்லாம் சேர்த்து மூன்று மாத கிட் 4,500 ரூபாயாம், முழுப் பணமும் முன்னாலேயே கட்ட வேண்டுமாம். நண்பனோ, புராஸ்டேட்டுக்குக் கொடுக்கிற 5 மில்லிகிராம் மாத்திரையை வாங்கி நாலாக உடைத்துப் போடு, செலவு மிச்சம் என்கிறான். தை மாதம் கல்யாணம். எதை வாங்கட்டும்?
- வாசகர், திருப்பூர்

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் ஒரு தோல் மருத்துவரிடம் தலையைக் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, அங்கேயே போகலாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பரம்பரை வழுக்கை போலத்தான் தெரிகிறது. ஆனால் தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, கடும் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டுவது, இதற்கெல்லாம் இந்த மாத்திரை உதவாது. பத்து கேள்வியில் அதைப் பிரித்தறிய முடியாது.

அப்புறம், இது ஷெட்யூல் எச் மருந்து. அட்டையின் பின்பக்கம் ஓரத்தில் 'ஆர்எக்ஸ்' என்ற குறியும், பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் அச்சிட்டிருக்கும். அது பேருக்குப் போட்டது இல்லை. டெஸ்டோஸ்டிரோன் டிஹெச்டி என்ற ஹார்மோனாக மாறுவதை இந்த மருந்து தடுக்கிறது. பரம்பரை வழுக்கையில் முடியின் வேரைச் சுருக்குவது அந்த டிஹெச்டிதான். உடம்பின் ஹார்மோனில் கை வைக்கிற மருந்தை ஷாம்புவோடு சேர்த்துக் கூடையில் போடக் கூடாது.

பக்க விளைவு பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், மாப்பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஓராண்டு ஆய்வுகளில் தாம்பத்திய ஆசை குறைவது, விறைப்பு குறைவது போன்ற தொல்லைகள் மாத்திரை போட்டவர்களில் நூற்றுக்கு நாலு பேருக்கு வந்தன. மருந்தில்லாத வெற்று மாத்திரை போட்டவர்களிலும் நூற்றுக்கு இரண்டு பேர் அதையே சொன்னார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை, வந்தாலும் நிறுத்தினால் சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் நிறுத்திய பிறகும் நீடித்ததாகப் பதிவுகள் உண்டு. மனச்சோர்வும் வரலாம். தற்கொலை எண்ணம் இதன் பக்க விளைவுதான் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025 மே மாதம் உறுதி செய்தது. முன்பு மனச்சோர்வு இருந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மாத்திரை ஆரம்பித்த பிறகு மனம் சரியில்லை என்று தோன்றினால், முடி போனால் போகட்டும், மாத்திரையை நிறுத்திவிட்டு அவரைப் பாருங்கள்.

சரி, மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வழுக்கைக்கு அளவு தினம் 1 மில்லிகிராம். அதே அளவில் மாத்திரை கிடைக்கும்போது எதற்கு உடைக்க வேண்டும்? பிளேடால் நாலாக வெட்டிப் பாருங்கள், ஒரு துண்டு பெரிதாகும், ஒன்று பொடியாகும். அந்தப் பொடிதான் ஆபத்து. கர்ப்பிணியின் தோல் வழியாக உள்ளே போனால், வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையாக இருந்தால், அதன் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். மேலே பூச்சு உள்ள முழு மாத்திரையில் அந்தப் பயம் இல்லை. புதுப்பெண் வரப்போகிற வீட்டில் உடைத்த மாத்திரை கிடக்கவே கூடாது.

செலவைக் கணக்குப் போடும்போது மூன்று மாதத்தைப் பார்க்காதீர்கள். பலன் கண்ணுக்குத் தெரியவே மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும், தேறுமா தேறாதா என்று சொல்ல ஒரு வருடம் வேண்டும். நிறுத்தினால் கிடைத்த பலன் ஓராண்டுக்குள் போய்விடும். ஆக, கிட் என்றால் வருடத்துக்கு 18,000 ரூபாய், அதுவும் வருடா வருடம். மாத்திரைக்கு மட்டும் என்ன ஆகிறது என்று பாருங்கள்: ஒரு அட்டையின் விலையை அதிலுள்ள மாத்திரை எண்ணிக்கையால் வகுத்து 365-ஆல் பெருக்குங்கள். கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும், உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான். அதனால் மருந்தின் பெயரையே எழுதித் தரச் சொல்லுங்கள், மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் இருக்கிறதா என்று கேளுங்கள். பேட்ச் எண், காலாவதித் தேதி போட்ட ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். கூட வருகிற எண்ணெயும் வைட்டமினும் டிஹெச்டியைத் தொடாது, சத்துக் குறைவு இல்லாதவருக்கு அவை வெறும் செலவு.

'வழுக்கையைக் குணப்படுத்தும்' என்று எந்த மருந்தின் மேலாவது போட்டிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். நம் நாட்டு மருந்து விதிகளின் ஷெட்யூல் ஜே பட்டியலில் வழுக்கையும் இருக்கிறது. அந்த நோய்களைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது. ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

மாத்திரை ஆரம்பிக்கும் நாளன்று ஒரே விளக்கின் கீழே உச்சியையும் நெற்றியையும் போனில் படம் எடுத்து வையுங்கள், மாதம் ஒன்று அதே இடத்தில் எடுங்கள். தினம் கண்ணாடி பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது. இன்னொன்று, மாத்திரை போடும் காலத்தில் ரத்ததானம் கூடாது, நிறுத்தி ஒரு மாதம் கழித்துத்தான் கொடுக்க வேண்டும். அந்த ரத்தம் யாரோ ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்படலாம்.