சத்தம் போடுறீங்கன்னு கவுன்சில்ல இருந்து லெட்டர் வந்தா வாடகை வீட்டைக் காலி பண்ணணுமா?

கேள்வி: லண்டன்ல ஒரு பழைய வீட்டை மேல கீழன்னு ரெண்டா பிரிச்சிருக்காங்க, நாங்க மேல் பிளாட்ல வாடகைக்கு இருக்கோம். பையனுக்கு எட்டு வயசு, மிருதங்கம் கத்துக்கிறான். ஹஸ்பண்டுக்கு லேட் ஷிப்ட், அதனால துணி துவைக்கிறது பெரும்பாலும் ராத்திரிதான். போன வாரம் உங்க வீட்டு சத்தம் பத்தி புகார் வந்திருக்குன்னு கவுன்சில்ல (இங்க நகராட்சி மாதிரி) இருந்து லெட்டர் வந்துச்சு. ஏஜென்ட்கிட்ட சொன்னதுக்கு "இப்படியே போனா காலி பண்ண வேண்டி வரும்"னுட்டாங்க. புகார் கொடுத்தது கீழ் வீட்டுக்காரங்கதான்னு நல்லா தெரியும், நேரா போய் கேட்டுடலாமா? இது எங்க போய் முடியும்?

பதில்:

முதல்ல அந்த லெட்டரை எடுத்து இன்னொரு தடவை நிதானமா படிங்க. அதுல "நீங்க தப்பு பண்ணிட்டீங்க"ன்னு எங்கயும் இருக்காது, "புகார் வந்திருக்கு"ன்னுதான் இருக்கும். 1990ஆம் வருஷத்து என்விரான்மென்டல் புரொடெக்ஷன் ஆக்ட்னு ஒரு சட்டம் இருக்கு, அதுல 79வது பிரிவுப்படி அந்த ஏரியால குடியிருக்கிற ஒருத்தர் புகார் கொடுத்தா கவுன்சில் தன்னால முடிஞ்ச அளவுக்கு விசாரிச்சே ஆகணும், அதனால புகார் உள்ள போன உடனே கிட்டத்தட்ட தானாவே இந்த மாதிரி லெட்டர் வெளிய வரும், உங்க வீட்டு சத்தத்தை இன்னும் ஒரு ஆபீசர்கூட காதால கேட்டிருக்க மாட்டாங்க. லெட்டர்ல "நாங்க சத்தத்தைக் கண்காணிக்கலாம், பதிவு பண்ணலாம்"னு ஒரு வரி இருந்தா அதுக்கும் பயப்பட வேண்டாம். ஒருத்தருக்குத் தெரியாம ரகசியமா கண்காணிக்கிறதுக்கு இங்க தனியா கடுமையான விதிகள் இருக்கு, முன்கூட்டியே சொல்லிட்டா அது ரகசியம் ஆகாது, அந்த சிக்கலைத் தவிர்க்கத்தான் முதல் லெட்டர்லயே எழுதிடுறாங்க.

இதுக்கப்புறம் வேலை புகார் கொடுத்தவங்க பக்கம்தான் அதிகம். டைரி ஷீட்னு ஒண்ணு கொடுப்பாங்க, எந்த தேதி எத்தனை மணிக்கு என்ன சத்தம் எவ்வளவு நேரம் அதனால என்ன தொந்தரவுன்னு அதுல எழுதணும், இப்பல்லாம் நிறைய கவுன்சில் போன் ஆப் வழியாவே சின்ன சின்ன ரெக்கார்டிங் அனுப்பச் சொல்றாங்க. சொன்ன தேதிக்குள்ள எதுவும் வரலைன்னா பல நேரம் ஃபைலை அப்படியே மூடிடுவாங்க. வந்து, படிச்சுப் பாத்து, விஷயம் இருக்குன்னு தோணினாதான் கீழ் வீட்டுக்குள்ள ரெக்கார்டிங் மெஷின் வைக்கிறது, இந்த மாதிரி புகாரைப் பாக்கிற கவுன்சிலோட என்விரான்மென்டல் ஹெல்த் ஆபீசர் நேர்ல வந்து கேக்கிறதுன்னு அடுத்த கட்டத்துக்குப் போகும். கவனிங்க, அளக்கிறது அவங்க வீட்டுக்குள்ள எவ்வளவு கேக்குதுங்கறதை, உங்க வீட்டுக்குள்ள எவ்வளவு சத்தம்ங்கறதை இல்லை.

ஆபீசர் எதை வெச்சு முடிவு பண்றார்ங்கறதுலதான் நிறைய பேர் குழம்புறாங்க. இத்தனை டெசிபல் தாண்டினா குத்தம்னு இந்த 1990 சட்டத்துல ஒரு நம்பரும் கிடையாது. "ஸ்டாட்யூட்டரி நியூசன்ஸ்", அதாவது சட்டப்படி தொல்லைன்னு சொல்ற அளவுக்கு இருக்கான்னு பாப்பாங்க, அதாவது எந்த நேரம், எவ்வளவு நேரம் நீடிக்குது, எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருது, என்ன மாதிரி சத்தம், சாதாரண மனுஷன் ஒருத்தருக்கு இது தாங்க முடியாததா இருக்குமான்னு. ஊசி விழுந்தாலும் முழிச்சுக்கிற ஆளுக்கு எப்படி இருக்கும்ங்கறது கணக்கு இல்லை.

வீட்டுல மனுஷங்க வாழ்ந்தா வர்ற சத்தம் இருக்கே, நடக்கிறது, கதவு சாத்துறது, குழந்தை அழறது, ராத்திரி பாத்ரூம் போய் ஃபிளஷ் பண்றது, இதெல்லாம் பொதுவா இந்த வரையறைக்குள்ள வராது. இதுக்கு பக்கபலமா ஒரு பெரிய தீர்ப்பே இருக்கு, 1999ல அப்ப இங்க உச்ச நீதிமன்றமா இருந்த ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் வரைக்கும் போன சதர்க் கவுன்சில் எதிர் மில்ஸ் வழக்கு. அங்க குடியிருந்தவங்க பக்கத்து வீட்டுக்காரங்க பேசுறது, டிவி, பாத்ரூம் சத்தம் எல்லாம் சுவர் தாண்டி கேக்குதுன்னு தங்களுக்கு வீடு கொடுத்த கவுன்சில் மேலயே கேஸ் போட்டாங்க, அவங்க கஷ்டம் நிஜம்தான்னு நீதிபதிகளே ஒத்துக்கிட்டாங்க, ஆனாலும் வீட்டை வீடா சாதாரணமா பயன்படுத்துறது நியூசன்ஸ் ஆகாதுன்னு தோத்துட்டாங்க. பழைய வீட்டை பிளாட்டா பிரிச்சு மரத்தளம் போட்டிருக்கிற இடங்கள்ல வர்ற புகார்ல பாதி இந்த வகைதான்னு எனக்குத் தோணும். கட்டடம் சரியில்லாததுக்கு மேல இருக்கிறவனும் கீழ இருக்கிறவனும் மாறி மாறி சண்டை போட்டுக்கிறாங்க.

அதனால உங்க பையன் ஓடுறது ஆடுறது மட்டும் புகார்னா நான் பெருசா கவலைப்பட மாட்டேன். வாஷிங் மெஷின் அப்படி இல்லை. மத்தியானம் ரெண்டு மணிக்கு ஓடினா அது வாழ்ற சத்தம், அதே மெஷின் தினம் ராத்திரி ஒரு மணிக்கு ஸ்பின் போட்டு கீழ இருக்கிறவங்க சீலிங் அதிர்ந்தா ஆபீசர் வேற மாதிரிதான் பாப்பார். மிருதங்கம் இன்னும் கொஞ்சம் சிக்கல், உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரிஞ்சே சொல்றேன். அது நீங்களா உண்டாக்குற சத்தம், அதுலயும் தொப்பி பக்கத்து (கனமான சத்தம் வர்ற பக்கம்) அடி தளம் வழியா நேரா கீழ இறங்கும், மேல உக்காந்து கேக்கிற உங்களுக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். பகல்ல அளவான நேரம்னா நியாயமா வாதாடலாம், தினம் சாயங்காலம் ரெண்டு மணி நேரம், கூட ஸ்பீக்கர்ல தாளம்னா கஷ்டம்.

ராத்திரி 11 மணிக்கு முன்னாடி எவ்வளவு வேணாலும் சத்தம் போடலாம்னு நம்ம ஆளுங்க நிறைய பேர் நம்புறாங்க, அது தப்பு. நியூசன்ஸ் பகல்லயும் நியூசன்ஸ்தான். அந்த 11 மணி வேற சட்டத்துல இருந்து வந்தது, 1996ஆம் வருஷத்து நாய்ஸ் ஆக்ட். ராத்திரி 11ல இருந்து காலை 7 வரைக்கும் அது பொருந்தும், இதுலதான் டெசிபல் கணக்கு இருக்கு: புகார் கொடுத்தவங்க வீட்டுல பின்னணி சத்தம் 24 டெசிபலோ அதுக்குக் கீழயோ இருந்தா உங்க சத்தம் 34 தாண்டக்கூடாது, பின்னணி 24க்கு மேலன்னா அதைவிட 10 டெசிபல் அதிகமாகக் கூடாது. தாண்டுற மாதிரி இருந்தா முதல்ல எச்சரிக்கை நோட்டீஸ், நோட்டீஸ் கொடுத்து குறைஞ்சது பத்து நிமிஷம் டைம், அதுக்கப்புறமும் தாண்டினா வீடுகளுக்கு 110 பவுண்ட் வரைக்கும் ஃபைன், 14 நாளைக்குள்ள கட்டிட்டா கேஸ் போகாது. நடைமுறைல இது பார்ட்டி வீடுகளுக்குத்தான் அதிகம், எல்லா கவுன்சிலும் ராத்திரி டீம் வெச்சிருக்கிறதும் இல்லை.

நீங்க நிஜமா பயப்பட வேண்டிய பேப்பர் வேற ஒண்ணு, பேரு அபேட்மென்ட் நோட்டீஸ், அதாவது இந்தத் தொல்லையை நிறுத்தணும்னு சட்டப்படி வர்ற உத்தரவு. நியூசன்ஸ் இருக்கு, இல்ல திரும்ப வரும்னு ஆபீசருக்கு உறுதியாச்சுன்னா கவுன்சில் அதைக் கொடுத்தே ஆகணும், சத்த விஷயத்துல மட்டும் ஏழு நாள் வரைக்கும் தள்ளிவெச்சு பேசி சரி பண்ணப் பாக்கலாம். அது வந்துட்டா காலண்டரை எடுத்துக்குங்க. கையில கொடுத்த தேதில இருந்து 21 நாளைக்குள்ள மேஜிஸ்ட்ரேட் கோர்ட்ல அப்பீல் பண்ணலாம், அதுக்கப்புறம் அந்தக் கதவு மூடிடும். அப்பீல் போட்டா நோட்டீஸ் தானா நின்னுடும்னு நினைக்காதீங்க, நிக்குமா நிக்காதான்னு நோட்டீஸ்லயே எழுதியிருக்கும். தகுந்த காரணம் இல்லாம அதை மீறினா அது கிரிமினல் குத்தம், வழக்கு போடலாம், சத்தம் வர்ற சாமானை எடுத்துட்டுப் போகவும் அதிகாரம் இருக்கு, ஸ்பீக்கர் டிவி மட்டும் இல்லை மிருதங்கமும் சாமான்தான். "என்னால முடிஞ்சதெல்லாம் செஞ்சேன்"னு சொல்லித் தப்பிக்கிற வாதம் ஒண்ணு சட்டத்துல இருக்கு, ஆனா சத்த விஷயத்துல அது தொழில் வியாபார இடங்களுக்கு மட்டும்தான், வீடுகளுக்குக் கிடையாது.

இப்ப ஏஜென்ட் சொன்னதுக்கு வர்றேன். புகார் வந்திருக்குங்கற ஒரே காரணத்துக்காக யாரும் உங்களை வெளிய அனுப்ப முடியாது. முன்ன செக்ஷன் 21னு காரணமே சொல்லாம காலி பண்ணச் சொல்ற வழி இருந்துச்சு, புகார் வந்த டெனன்ட்டை ஓனருங்க அதை வெச்சு சத்தமில்லாம அனுப்பிடுவாங்க. 2025ல வந்த ரென்டர்ஸ் ரைட்ஸ் ஆக்ட் படி இங்கிலாந்துல 2026 மே 1ல இருந்து அந்த வழி இல்லை. ஓனர் காரணம் காட்டி கோர்ட்டுக்குத்தான் போகணும். அப்படி காட்டுற காரணத்தைத்தான் கிரவுண்ட்னு சொல்றாங்க, 1988 ஹவுசிங் ஆக்ட்ல கிரவுண்ட் 14னு ஒண்ணு இருக்கு, டெனன்ட்டோ வீட்டுக்கு வந்துபோறவங்களோ அக்கம்பக்கத்துக்குத் தொல்லை கொடுத்தா பொருந்தும், ஆனா காலி பண்ணச் சொல்றது நியாயமான்னு நீதிபதி யோசிச்சுத்தான் முடிவெடுப்பார், குழந்தை இருக்கு, வாடகை ஒழுங்கா கட்டியிருக்காங்க, சத்தத்தைக் குறைக்க இதெல்லாம் செஞ்சிருக்காங்கன்னு நீங்க காட்டினா அது எடுபடும்.

ஆனா கிரவுண்ட் 7ஏன்னு இன்னொண்ணு இருக்கு, இதைத்தான் யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. சத்தம் பத்தின அபேட்மென்ட் நோட்டீஸை மீறி உங்களுக்கு கோர்ட்ல தண்டனை ஆச்சுன்னா, ஓனர் உரிய காலத்துக்குள்ள முறையா நோட்டீஸ் கொடுத்து வழக்கு போட்டா நீதிபதி காலி பண்ணச் சொல்லியே ஆகணும், நியாயமா இல்லையான்னு பாக்கிற இடமே அங்க இல்லை. அதனாலதான் முதல் லெட்டரை ஓரமா போடாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொல்றது. இந்த லெட்டருக்கும் அந்தத் தண்டனைக்கும் நடுவுல நாலஞ்சு படி இருக்கு, ஒவ்வொரு படிலயும் இறங்கிக்கலாம்.

ஏஜென்ட் ஏன் இவ்வளவு துடிக்கிறார்ங்கறதுக்கும் ஒரு காரணம் இருக்கலாம். லண்டன்ல நியூஹாம் மாதிரி சில கவுன்சில்ல வாடகைக்கு விடவே ஓனர் லைசென்ஸ் எடுக்கணும், குடியிருக்கிறவங்க தொல்லை கொடுத்தா ஓனர் நடவடிக்கை எடுக்கணும்னு அந்த லைசென்ஸ்ல நிபந்தனை போடலாம், அதனால கவுன்சில் ஓனருக்கும் தனியா எழுதியிருக்க வாய்ப்பு இருக்கு. அவருக்கு என்ன அவசரமா இருந்தாலும் கோர்ட் ஆர்டர் இல்லாம பூட்டை மாத்துறது, சாமானை வெளிய வைக்கிறதெல்லாம் சட்டவிரோதமா காலி பண்ண வைக்கிறதைத் தடுக்கிற 1977 சட்டப்படி குத்தம், அப்படி ஏதாவது நடந்தா அதே கவுன்சிலோட ஹவுசிங் டீமுக்கு போன் போடுங்க. சில பேருக்கு இது தெரியவே தெரியாது, கவுன்சில்னாலே எதிரின்னு நினைச்சிருப்பாங்க.

கீழ் வீட்டுக்குப் போய் கேக்கலாமான்னா, "நீங்கதானே கம்ப்ளெயின்ட் பண்ணீங்க"ன்னு போகவே போகாதீங்க. யார் கொடுத்தாங்கன்னு கவுன்சில் சொல்லாது, நீங்க நினைச்சது தப்பாகூட இருக்கலாம், வாசல்ல நின்னு ரெண்டு வார்த்தை கூடிப்போச்சுன்னா அது டைரி ஷீட்ல மிரட்டல்னு ஏறும், சத்தப் புகார் வேற புகாரா மாறிடும். புகார் பேச்சே எடுக்காம "பையன் வாத்தியம் பழகுறான், எந்த நேரம் உங்களுக்குத் தொந்தரவு இல்லாம இருக்கும்"னு ஒரு துண்டுச் சீட்டு எழுதிப் போடுங்க, அதை ஒரு போட்டோவும் எடுத்து வெச்சுக்குங்க. பதில் வந்தா சரி, வரலைன்னாலும் நீங்க முயற்சி பண்ணதுக்கு அது சாட்சி. இன்னொண்ணு, கவுன்சில் ஒண்ணும் செய்யலைன்னு புகார் கொடுத்தவங்களுக்குத் தோணினா அதே 1990 சட்டத்தோட 82வது பிரிவுல மூணு நாள் முன்னாடி உங்களுக்கு எழுதிக் கொடுத்துட்டு அவங்களே நேரா மேஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குப் போகலாம், அதனால பக்கத்து வீட்டோட முறைச்சுக்கிட்டு கவுன்சிலை மட்டும் சமாளிச்சா போதும்ங்கற கணக்கு சரிவராது.

கவுன்சிலுக்கு இந்த வாரமே ஒரு ஈமெயில் போடுங்க, லெட்டர்ல இருக்கிற ரெஃபரன்ஸ் நம்பரோட. எந்த மாதிரி சத்தம், எந்த நாள் எந்த நேரம்னு கேளுங்க, பேர் சொல்லலைன்னாலும் இதைப் பெரும்பாலும் சொல்லுவாங்க, நீங்க வாஷிங் மெஷின்னு நினைச்சு மாத்திட்டு இருப்பீங்க, புகார் பூரா சனிக்கிழமை டிவி சத்தமா இருக்கும். துணியை காலைக்கோ லீவு நாளுக்கோ மாத்துங்க, மெஷின் கால்களுக்கு அதிர்வு தாங்குற ரப்பர் பேடு போடுங்க, லெவல் சரியா இருக்கான்னு பாருங்க, பாதி ஆட்டம் அதுலயே நிக்கும். மிருதங்கத்துக்கு கெட்டியான மேட் விரிச்சு அதுமேல உக்காந்து வாசிக்கட்டும், தினம் ஒரே நேரம், அரைமணி முக்கால்மணி, சாப்பிடுற தூங்குற நேரம் வேண்டாம். செஞ்சதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைங்க, உங்க பக்கத்துக்கும் ஒரு டைரி வேணும்ல, அன்னைக்கு நாங்க ஊர்லயே இல்லைன்னு நிரூபிக்கிற மாதிரி ஒரே ஒரு பதிவு கிடைச்சாகூட பெரிய பலம். ஏஜென்ட்டுக்கும் இதே தகவலை எழுத்துல அனுப்புங்க, போன்ல பேசினது நிக்காது. பாய்லர், பைப் அடிச்சுக்கிற சத்தம் மாதிரி ஏதாவது இருந்தா அதையும் அதே ஈமெயில்ல சேருங்க, கட்டடத்தோட குறையால வர்ற நியூசன்ஸ்னா நோட்டீஸ் ஓனர் பேருக்குத்தான் போகணும்.

கவுன்சில் வீட்டுலயோ ஹவுசிங் அசோசியேஷன் (லாப நோக்கம் இல்லாம வாடகைக்கு விடுற அமைப்பு) வீட்டுலயோ இருக்கிறவங்களுக்கு பாதை கொஞ்சம் வேற, அங்க ஓனரே விசாரிக்கிற டீம் வெச்சிருப்பாங்க, டெனன்சி அக்ரிமென்ட்லயே தொல்லை பத்தி விதி இருக்கும். ஸ்காட்லாந்து, வேல்ஸ்ல வாடகைச் சட்டமே வேற, நான் மேல சொன்ன கிரவுண்ட் நம்பரையெல்லாம் அங்க அப்படியே எடுத்துக்காதீங்க.

அந்த ஈமெயில்ல கடைசியா இன்னொரு வரி சேருங்க: பையன் இந்தக் கிழமை இந்த நேரம்தான் வாசிப்பான், ஆபீசர் அந்த நேரம் கீழ் வீட்டுலயோ எங்க வீட்டுலயோ வந்து கேட்டுப் பாக்கலாம்னு. வர்றாங்களோ இல்லையோ, நீங்களா கூப்பிட்டது ஃபைல்ல இருக்கும்.