சீனியர் சொல்லித் தர மாட்டேங்கிறார், பசங்க கேட்க மாட்டேங்கிறாங்க: என்ன செய்வது?

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 34. எனக்குக் கீழே ஐம்பதைத் தாண்டிய ஃபிட்டர்கள் 6 பேர், ஐ.டி.ஐ., டிப்ளமா முடித்த 25 வயதுக்குட்பட்ட பையன்கள் 9 பேர். ஆறு மாதத்துக்கு முன் லாக் புக்கை எடுத்துவிட்டு டேப்லெட் கொடுத்தோம். சீனியர்கள் அதைத் தொடுவதே இல்லை. "எல்லாம் ஓகே" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். பையன்கள் அவர்களை "பெருசு" என்கிறார்கள். போன மாதம் கூலிங் டவர் பம்ப்பில் தண்ணீர் சொட்டுகிறதென்று ஒரு பையன் கிளாண்டை (தண்டு வெளியே வருகிற இடத்தில் கசிவைக் கட்டுப்படுத்தும் பாகம்) இறுக்கினான். தண்டின் மேல் இருக்கிற உறையான ஸ்லீவ் தேய்ந்து போய்விட்டது. "எனக்கு அப்பவே தெரியும்" என்கிறார் சீனியர். ஏன் சொல்லவில்லை என்றால், "அவன் கேட்டானா?" என்கிறார். அடுத்த வருடம் இரண்டு பேர் ரிட்டயர் ஆகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அந்த "கேட்டானா?" என்ற ஒரு சொல்லில் உங்கள் பிரச்சினை முழுவதும் இருக்கிறது. என்னிடம் வந்து விசாரித்தானா என்றும் பொருள். நான் சொன்னால்தான் காதில் வாங்குவானா என்றும் பொருள். அவர் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பார்.

முதலில் பையனைப் பற்றி. பேக்கிங் (தண்டைச் சுற்றித் திணிக்கிற கயிறு) போட்ட கிளாண்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடியத்தான் வேண்டும். அந்தச் சொட்டுதான் சுற்றுகிற ஸ்லீவைக் குளிர வைக்கிறது. அதை நிறுத்தினால் பேக்கிங் கருகும், ஸ்லீவ் தேயும். ஆனால் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன? லீக் என்றால் கோளாறு, தரை ஈரமாக இருக்கக்கூடாது. அவன் பொறுப்பாகத்தான் நடந்திருக்கிறான். எத்தனை சொட்டு சரி, எப்போது இறுக்க வேண்டும் என்பது சீனியரின் கையில் இருக்கிறது. டேப்லெட்டில் அதற்குக் கட்டமே கிடையாது.

தலைமுறை இடைவெளி என்று பெயர் வைத்து, மில்லெனியல், ஜென் இசட் என்று வகுப்பெடுக்க ஆள் கூப்பிட்டுவிடாதீர்கள். (என் பிழைப்பிலும் கொஞ்சம் அதில்தான் ஓடுகிறது, இருந்தாலும் சொல்கிறேன்.) அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாடமிகள் 2020-ல் இதை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, பிறந்த வருடத்தை வைத்து ஊழியர்களைத் தலைமுறைகளாகப் பிரித்து நிர்வகிப்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்றே சொல்கிறது. உங்கள் செக்‌ஷனில் மோதுவது வயது இல்லை. ஒருவரிடம் கைவேலை இருக்கிறது, இன்னொருவரிடம் சர்டிஃபிகேட் இருக்கிறது. தன்னிடம் இல்லாததைப் பார்த்து இருவருக்குமே உள்ளூர ஒரு பயம்.

நான் 24 வயதில் புதுச்சேரியில் ஓர் ஆலையில் சேர்ந்தபோது, எங்கள் மேஸ்திரி மோட்டார் அலைன்மென்ட் பார்க்கும் நேரமாகப் பார்த்து என்னை டீ வாங்க அனுப்புவார். மூன்று மாதம் டீ வாங்கினேன். ஒரு நாள் புது மெஷினின் டிராயிங் ஆங்கிலத்தில் வந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, "இதுல என்ன போட்டிருக்குன்னு படி தம்பி" என்றார். படித்தேன், வெளியே யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பேரிங் ஹவுசிங்கில் ஸ்க்ரூ டிரைவர் முனையை ஊன்றி, பிடியை என் காதோடு வைத்து அழுத்தினார். "கரகரன்னு கேக்குதா? அது கிரீஸ் இல்லாத சத்தம். டக்கு டக்குன்னு வந்தா பேரிங் குண்டு போயிடுச்சு." டீ வாங்க வேறு ஆள் வந்துவிட்டான்.

ஆக, "எல்லாத்தையும் சொல்லிக்குடுங்க" என்று சீனியரிடம் உத்தரவு போட்டால் நடக்காது. அவருக்குப் பட்டம் இல்லை. அந்தக் கைவேலைதான் அவருடைய மரியாதை, அதுதான் அவருடைய காப்பு. அதைக் கொடுத்துவிட்டால் நாளைக்கு நம்மை யார் மதிப்பார் என்று நினைப்பது தப்பே இல்லை. கொடுத்த பிறகும் அவர் பெயர் அதில் நிற்கும் என்று தெரிய வேண்டும்.

டேப்லெட்டுக்கு வருவோம். ஐம்பதுக்கு மேல் வெள்ளெழுத்து இல்லாதவர் அபூர்வம். கிரீஸ் கை, வெயிலில் மின்னுகிற திரை, பொடி எழுத்து, அதுவும் ஆங்கிலம். பையன்கள் முன்னால் எழுத்துக்கூட்டித் தட்டச்சு செய்வதைவிட "எல்லாம் ஓகே" என்பது அவருக்குக் கௌரவம். எழுத்தைப் பெரிதாக்குங்கள், தமிழில் மாற்றுங்கள், குரலில் பதிவு செய்ய ஒரு பட்டன் வைக்கச் சொல்லுங்கள். ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் பி.எம்.டபிள்யூ. ஆலையில் 2007-ல் ஒரு பிரிவில் சராசரி வயது 47 வருகிறமாதிரி ஆட்களைப் போட்டுப் பார்த்தார்கள். கால் வலிக்காத தரை, உயரம் மாற்றுகிற மேசை, பூதக்கண்ணாடி என்று 70 சின்ன மாற்றங்கள். பெரும்பாலும் அந்தத் தொழிலாளர்களே சொன்னவை. உற்பத்தித் திறன் ஒரே வருடத்தில் 7 சதவீதம் கூடியது.

"எல்லாம் ஓகே" என்று கைமாற்றுவதை மட்டும் இந்த வாரமே நிறுத்திவிடுங்கள். இது மரியாதைப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில், ஒரு பம்ப்பின் சேஃப்டி வால்வு கழற்றப்பட்டிருந்த விவரம் அடுத்த ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. ராத்திரி ஷிஃப்ட் அந்தப் பம்ப்பை ஓட்டியது. 167 பேர் இறந்தார்கள். பேப்பர் இருந்தது, போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். உங்கள் யூனிட்டிலும் ஷிஃப்ட் மாறும்போது பத்து நிமிடம், ரூமில் இல்லாமல் மெஷின் பக்கத்தில் நின்றே கைமாற்றட்டும். போகிற ஷிஃப்டின் சீனியர் வாயால் சொல்லட்டும், வருகிற ஷிஃப்டின் பையன் டேப்லெட்டில் ஏற்றி, அவருக்கே திரும்பப் படித்துக் காட்டட்டும். பதிவில் "சொன்னவர்" என்று சீனியர் பெயர், "எழுதியவர்" என்று பையன் பெயர். இரண்டும் இருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம் ஷிஃப்ட் நேரத்தைத் தாண்டினால், ஓவர்டைம் கணக்கில் சேருங்கள். இலவசமாக நிற்கச் சொன்னால் இரண்டு தரப்பும் உங்களுக்கு எதிராக ஒன்று சேர்ந்துவிடும் (அதுவும் ஒருவகை ஒற்றுமைதான்!).

அனுபவத்தை வெளியே எடுக்க ஒரு வழி: பாடம் கேட்காதீர்கள், சம்பவம் கேளுங்கள். "பம்ப் பராமரிப்பு பத்திச் சொல்லுங்க" என்றால் இரண்டு வரியில் முடித்துவிடுவார். "தானே புயல் அன்னிக்கு நீங்க டூட்டியா? மறுபடி பவர் வந்ததும் முதல்ல எதை ஓட்டினீங்க, எதைத் தொடல?" என்று கேட்டுப் பாருங்கள். 2011 டிசம்பர் 30-ல் உங்கள் பையன்களுக்கு என்ன, பதினோரு வயதுக்குள் இருக்குமா? எந்த பேனலில் தண்ணீர் ஏறும், உப்புக் காற்றில் எந்த போல்ட் முதலில் துருப்பிடித்து இறுகும் என்பதெல்லாம் அந்தக் கதையில் தானாக வரும். ஒரு பையன் போனில் பதிவு செய்யட்டும்; நேரம் இருந்தால் மெஷின் மேலேயே க்யூ.ஆர். ஒட்டலாம்.

பேச்சு விஷயத்தில் நீங்கள்தான் நடுவில் நிற்கிறீர்கள். 56 வயதுக்காரரை "அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே தவறைச் சொல்லலாம், ஆனால் தனியாக. வாட்ஸ்அப் குரூப்பில் ஒருபோதும் வேண்டாம். அதேபோல, அவர் பையனை எல்லார் முன்னாலும் "டேய்" போட்டால், பிறகு அவரிடமும் தனியாகப் பேசுங்கள்: "பேர் சொல்லிக் கூப்பிடுங்கண்ணே, நிப்பான்." இதை ஒரு தரப்புக்கு மட்டும் சொன்னால் எடுபடாது.

ரிட்டயர் ஆகிற இருவருக்கும் சால்வை போர்த்துகிற வாரத்தில் உட்கார்ந்தால் ஒன்றும் வராது. இப்போதே ஆளுக்கு இரண்டு பையன்களைச் சேர்த்துவிடுங்கள். ஒருவன் வேலையை விட்டுப் போனாலும் இன்னொருவன் இருப்பான். இருவரில் யார் அதிகம் பேசாதவரோ, அவரிடமிருந்து ஆரம்பியுங்கள். பேசுகிறவர் எப்படியும் சொல்லிவிடுவார்.