1275 சிசி மினி என்ஜின்: திறனைக் கூட்ட எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பழைய மினி காரின் 1275 சிசி ஏ-சீரிஸ் என்ஜினை முழுவதும் கழற்றி வைத்திருக்கிறேன். அன்றாடம் ஓட்டும் வண்டி; ஆனால் திறன் கூட வேண்டும். 1380 சிசிக்கு ரீபோர் செய்து (சிலிண்டர்களைக் கடைந்து அகலமாக்கி), பந்தயக் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போடச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: ரீபோர் செய்யலாம், பந்தயக் கேம்ஷாஃப்ட் வேண்டாம். இந்த என்ஜினைக் கட்டிப்போடுவது சிலிண்டரின் அளவைவிடக் காற்று போய்வரும் வழிதான். சிலிண்டர்களுக்கு மேல் மூடிபோல் அமரும் ஹெட்டில் மொத்தம் ஐந்தே வழிகள்: 1, 2 ஆகிய சிலிண்டர்களுக்கு ஓர் உள்வழியும், 3, 4 ஆகியவற்றுக்கு மற்றோர் உள்வழியும் பொதுவாக உள்ளன, புகை வெளியேறும் நடுவழியையும் 2, 3 பங்கிட்டுக்கொள்கின்றன. எரியும் வரிசை 1-3-4-2 என்பதால், 2-ஆம் சிலிண்டர் இழுத்து முடிப்பதற்குள்ளேயே 1-ஆம் சிலிண்டரின் வால்வும் திறந்து, அதே வழியிலிருந்து இழுக்கத் தொடங்கிவிடுகிறது. வால்வுகளை நெடுநேரம் திறந்து வைத்திருக்கும் கேம்ஷாஃப்ட் இந்தப் போட்டியை வளர்ப்பதால், உயர் சுற்றுகளில் கிடைக்கும் லாபத்தை நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது இழப்பீர்கள்.

ஆகவே முதல் செலவு ஹெட்டுக்கு. வழிகளின் வளைவுகளையும் வால்வு வந்து அமரும் சீட்டை ஒட்டிய பகுதியையும் சீராக்கினால் போதும். வழிகளைக் கண்டபடி அகலமாக்குவது காற்றின் வேகத்தைக் குறைத்துவிடும். ஈயம் கலவாத பெட்ரோலுக்காகக் கடினப்படுத்திய எக்ஸாஸ்ட் சீட்டுகளையும் இப்போதே பொருத்திவிடுங்கள்.

ரீபோரில் பலர் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. 1275 சிசியில் ஒரு சிலிண்டரின் பங்கு ஏறத்தாழ 319 சிசி. அமுக்க விகிதம் (பிஸ்டன் அடியில் நிற்கும்போதுள்ள மொத்த இடத்தை, உச்சியில் மிஞ்சும் இடத்தால் வகுத்தது) 9 என்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதற்கு மேலே 40 சிசி இடம் மிஞ்சுகிறது. 1380 சிசிக்கான 73.5 மி.மீ. போருக்கு (சிலிண்டரின் உள்விட்டம்) போனால் சிலிண்டரின் பங்கு 345 சிசி ஆகிறது. மேலே உள்ள இடம் மாறாவிட்டாலும் விகிதம் தானாகவே 9.6-ஐத் தொடும். இது தெரியாமல் ஹெட்டின் அடிப்பரப்பையும் சீவி, அந்த இடத்தை 36 சிசி ஆக்கிவிட்டால் விகிதம் 10.6-ஐ எட்டும், சாதாரணப் பெட்ரோலில் கலவை தாறுமாறாக எரிந்து என்ஜின் நாக் அடிக்கத் தொடங்கும். எனவே எரியறையையும் பிஸ்டன் குழியையும் பியூரெட் என்ற அளவுக்குழாயால் திரவம் ஊற்றி அளந்து, ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட்டின் கனத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே ஹெட்டைச் சீவக் கொடுங்கள்.

சிலிண்டர்கள் அமைந்த இந்த பிளாக்கில் 1-க்கும் 2-க்கும் இடையிலும், 3-க்கும் 4-க்கும் இடையிலும் தண்ணீர் ஓடும் இடமே கிடையாது. போர் பெரிதாகப் பெரிதாக அந்தச் சுவரும், அதன்மேல் அமரும் கேஸ்கெட்டின் விளிம்பும் மெலியும். சுவர் கனத்தை அல்ட்ராசோனிக் கருவியால் சோதிக்காமல் 1380-க்குத் துணியாதீர்கள். ஓட்டத்தில் அந்தக் கூடுதல் 105 சிசியைவிட நல்ல ஹெட்டின் பலனே தெளிவாகத் தெரியும் என்பது என் கணிப்பு.

பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலான இடைவெளிக்குப் போர் விட்டத்தை 0.004-ஆல் பெருக்கிப் பார்க்கலாம், அதாவது 73.5-க்குச் சுமார் 0.3 மி.மீ.; பிஸ்டன் தயாரிப்பாளர் வேறு அளவு சொன்னால் அதுவே முடிவு. கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) சமநிலைப்படுத்துவது வழக்கமான வேலைதான். மினியில் கியர்பாக்ஸும் என்ஜின் ஆயிலிலேயே ஓடுவதால், பழைய கியர்பாக்ஸை அப்படியே மாட்டினால் அதன் இரும்புத் துகள் புதிய பேரிங்குகளுக்குப் போய்ச் சேரும்.

கேம்ஷாஃப்டை, ஹெட் தயாரான பிறகு, மிதமான திறப்பு நேரம் கொண்டதாகத் தேர்ந்தெடுங்கள். ஹெட்டைச் சீவியிருந்தால், வால்வு பிளாக்கிலோ பிஸ்டனிலோ இடிக்கிறதா என்று களிமண் வைத்து, என்ஜினைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிறகு பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் எஸ்யூ கார்புரேட்டரின் ஊசியையும், டிஸ்ட்ரிபியூட்டரின் முன்நகர்வையும் (தீப்பொறி எவ்வளவு முன்கூட்டி வருகிறது என்பதையும்) ரோலிங் ரோட்டில் (வண்டியை உருளைகள்மேல் ஓட்டிச் சோதிக்கும் மேடையில்) சேர்த்தே சரிசெய்ய வேண்டும், ஏனெனில் பழைய என்ஜினுக்கு வகுத்த இக்னிஷன் முன்நகர்வு உயர்ந்த அமுக்கத்துக்குப் பெரும்பாலும் மிகையாகவே இருக்கும்.