போக்கிமானைச் செய்த சின்ன நிறுவனம்: கேள்வி பதில்

கையடக்க வீடியோ கேம்கள் பற்றி நம் நெல்லைப் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றில், போக்கிமான் என்ற, கற்பனை உயிர்களைப் பிடித்துச் சேர்க்கும் கேமைச் செய்த ஜப்பானின் கேம் ஃப்ரீக் நிறுவனம் பற்றியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, ஆரம்பத்திலிருந்தே கேம் செய்தவர்களா?

இல்லை தம்பி. 1983-இல் சதோஷி தஜிரி என்ற இளைஞர் கையால் எழுதி, ஸ்டேப்ளர் பின் அடித்து விற்ற பத்திரிகையின் பெயர்தான் கேம் ஃப்ரீக். ஆர்கேட் விளையாட்டுகளில், அதாவது காசு போட்டு ஆடும் எந்திர விளையாட்டுகளில், ஜெயிக்கும் வழிகளை அதில் எழுதுவார். அதைப் படித்துவிட்டு வந்து சேர்ந்தவர் ஓவியர் கென் சுகிமோரி. 1989-இல் நிறுவனமானது. முதல் கேம் குவின்டி, நாம்கோ வெளியிட்டது.

அம்பாசமுத்திரம்: போக்கிமான் யோசனை எப்படி வந்தது?

தஜிரி வளர்ந்தது டோக்கியோவை ஒட்டிய மச்சிதாவில். சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். அந்த வயலும் குளமும் கட்டடங்களாக மாறியதையும் பார்த்தவர். நாம் பொன்வண்டைத் தீப்பெட்டியில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கைமாற்றுவோமே, அந்தச் சந்தோஷத்தைத்தான் கேமுக்குள் கொண்டுவர நினைத்தார். 1989-இல் வந்த, நின்டெண்டோவின் கேம் பாய் என்ற கையடக்கக் கருவியில் இரண்டு கருவிகளை இணைக்க ஒரு கேபிள் உண்டு. அது அப்போது பெரும்பாலும் போட்டி போடத்தான் பயன்பட்டது. தஜிரியோ, ஒரு பூச்சி அந்தக் கேபிள் வழியே ஊர்ந்து அடுத்த கருவிக்குப் போவதாகக் கற்பனை செய்தார். இவர்கள் வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்புகள் வந்ததும் இதற்காகவே. ஒன்றில் கிடைக்கும் சில போக்கிமான்கள் மற்றதில் கிடைக்காது. எல்லாம் வேண்டுமென்றால் கூட்டாளியைத் தேடிப் போயே ஆகவேண்டும்.

தென்காசி: முடிக்க ஏன் அத்தனை வருஷம்?

பணம் இல்லை, அதுதான் முதல் காரணம். 1990-இல் தொடங்கிய வேலை. கடைக்கு வந்தது 1996 பிப்ரவரி 27-இல். நடுவில் யோஷி, பல்ஸ்மேன் என்று வேறு கேம்கள் செய்து நிறுவனத்தை ஓட்டினார்கள். கருவியும் சின்னது: 8 கிலோபைட் நினைவகம், 160-க்கு 144 புள்ளித் திரை. கடைசியில் பிழை தேடும் நிரலை நீக்கியதும், கேம் பதிந்து கருவியில் செருகும் கார்ட்ரிட்ஜில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. அதில் நிரலாளர் ஷிகெகி மொரிமோட்டோ நுழைத்ததுதான் மியூ, 151-ஆவது போக்கிமான். அந்த ரகசியம் வெளியே பரவியபோது பிள்ளைகள் பித்துப் பிடித்துத் தேடினார்கள்.

வள்ளியூர்: என் பழைய கார்ட்ரிட்ஜில் கேம் ஓடுகிறது, ஆனால் சேவ் ஆகவில்லையே?

உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். அது சால்டர் செய்யப்பட்டது, நெம்பி எடுக்காதீர்கள். சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுத்து, அதே எண்ணுள்ள, பட்டை வைத்த பேட்டரியாகப் போடச் சொல்லுங்கள்.