உபுண்டுக்காக விண்டோஸை அழிக்க வேண்டாம்

கேள்வி: மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். லேபுக்கு லினக்ஸ் கட்டாயம் என்கிறது கல்லூரி. லேப்டாப்பில் விண்டோஸ் 11, 8 ஜிபி ராம். ஃபார்மேட் செய்து இரண்டையும் போட 2,000 ரூபாய் கேட்கிறார் கடைக்காரர். கோப்புகள் போய்விடுமா?

பதில்: ஃபார்மேட்டே வேண்டாம். ஆரக்கிள் நிறுவனம் தரும் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். மற்ற மென்பொருள்களைப் போல அதை விண்டோஸிலேயே நிறுவிக்கொள்ளலாம். லினக்ஸில் ஒரு வகையான உபுண்டு அதற்குள் ஒரு ஜன்னலில் ஓடும். உபுண்டு தன் ஹார்ட் டிஸ்க் என்று நினைப்பது உங்கள் டிரைவில் இருக்கும் ஒரு பெரிய கோப்பைத்தான். உள்ளே மகள் எதைக் குளறுபடி செய்தாலும் வெளியே விண்டோஸ் பாட்டுக்கு இருக்கும்.

உபுண்டுக்கு 4 ஜிபி ராம், 25 ஜிபி இடம் ஒதுக்குங்கள். லேப் வேலை நடக்கும்போது குரோமை மூடி வைக்கச் சொல்லுங்கள்.

கடைக்குப் போகாமல் இருப்பதே நல்லது. தயாராக நிறுவிய உபுண்டுவை பென் டிரைவில் தருகிறேன் என்பார்கள். அதில் யார் என்ன போட்டு வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. விர்ச்சுவல்பாக்ஸ் போலவே இன்னொரு மென்பொருளான விஎம்வேரை 'கிராக்' செய்து விற்பவர்களும் உண்டு. அதன் ஒர்க்ஸ்டேஷன் புரோ 2024 நவம்பரிலிருந்து எல்லாருக்குமே இலவசம்! விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் இரண்டையும் அந்தந்த நிறுவனத் தளத்திலிருந்தும், உபுண்டுவை அதன் சொந்தத் தளத்திலிருந்தும் மட்டும் இறக்குங்கள்.

தொடங்கும் முன் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு பக்கத்தைப் பாருங்கள். ஒரு கணினிக்குள் இன்னொன்றை ஓட்ட உதவும் வசதிதான் விர்ச்சுவலைசேஷன். அடியில் 'விர்ச்சுவலைசேஷன்: எனேபிள்டு' என்று இருந்தால் கவலையில்லை. 'டிஸேபிள்டு' என்றால் பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் லேப்டாப்பின் அமைப்புப் பக்கத்துக்குள், போய் அதை இயக்க வேண்டும். இன்டெல் லேப்டாப்பில் ஒரு பெயர், ஏஎம்டியில் எஸ்விஎம் என்று இன்னொரு பெயர். பயாஸுக்குள் நுழைய ஒருவர் எஃப்2 என்பார், இன்னொருவர் எஃப்10 என்பார். இத்தனை வருஷமாகியும் லேப்டாப் கம்பெனிகள் இதில் ஒரு முடிவுக்கு வரவில்லை. கல்லூரியாவது இதைச் சொல்லித் தருகிறதா என்றால், 'லினக்ஸ் கட்டாயம்' என்று நோட்டீஸ் ஒட்டுவதோடு சரி.

பயாஸைத் தொடும் முன் ஒன்று. விண்டோஸ் 11 பல லேப்டாப்புகளில் டிஸ்க்கைத் தானாகவே பூட்டிவிடுகிறது. பயாஸில் கை வைத்தால் அடுத்த முறை அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க பிட்லாக்கர் சாவியைக் கேட்கலாம். பெரும்பாலும் அந்தச் சாவி முதன்முதலில் லாகின் செய்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அது யாருடைய கணக்கு? என்னிடம் வந்த ஒரு லேப்டாப்பில், விற்ற கடைப் பையன் தன் சொந்த மெயிலைப் போட்டுக் கொடுத்திருந்தான். அவன் வேலையை விட்டுப் போய்விட்டான். மூன்றாம் ஆண்டு புராஜெக்ட் முழுக்க உள்ளே மாட்டிக்கொண்டது. எனவே உங்கள் கணக்கில் நுழைந்து, சாவி இருக்கிறதா என்று பார்த்து, காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். போனில் படம் எடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள், போன் தொலைந்தால்? காகிதம்தான். சாவி கிடைக்காவிட்டால், கோப்புகளையெல்லாம் வெளி டிரைவில் நகல் எடுக்கும் வரை பயாஸ் பக்கமே போகாதீர்கள்.

நிறுவி முடித்ததும் விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு 'ஸ்னாப்ஷாட்' எடுத்து வைத்தால், கெட்டுப்போனாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். லேப் தேர்வுக்கு முந்தின நாள் உபுண்டு அப்டேட் கேட்டால், தேர்வு முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மகளிடம் சொல்லிவிடுங்கள்.