கன்னியாகுமரி மாவட்டத் தேரூர் குளத்துக்குப் பறவை பார்க்க, மூட்டுவலி உள்ள அம்மாவுடனும் பையனுடனும் மறுபடி போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் போன முறை போல பதினொரு மணிக்குப் போகாதீர்கள். வெயில் ஏறினால் பறவைகள் நடுக்குளத்துக்கும் நிழலுக்கும் ஒதுங்கிவிடும். "தூரத்தில் வெள்ளைப் புள்ளிகள்தான் தெரிந்தன" என்று நீங்கள் எழுதியதற்குக் காரணம் அதுதான். காலை ஆறரைக்குக் கரையில் நில்லுங்கள், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும்.

சுசீந்திரம் – தேரூர் ஈரநிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. பெயரைக் கேட்டுப் பூங்கா மாதிரி நடைபாதையை எதிர்பார்க்க வேண்டாம், குளத்தங்கரைதான் பாதை. மழை பெய்தால் வழுக்கும். அம்மாவுக்காக ஜனவரியைத் தேர்ந்தெடுங்கள்: மழை ஓய்ந்திருக்கும், வலசை வந்தவையும் கிளம்பியிருக்காது. கரையில் இறங்கவே முடியாவிட்டால், நாகர்கோவில் – கன்னியாகுமரி சாலையை ஒட்டியே சுசீந்திரம் குளம் இருக்கிறது. வண்டியை ஓரங்கட்டி ஒரு மடக்கு நாற்காலி போட்டுக் கொடுங்கள், போதும்.

பையனுக்கு நத்தைகுத்தி நாரையைக் காட்டுங்கள். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். நத்தையை ஓட்டிலிருந்து எடுத்துத் தின்ன வாகான அலகு. அப்புறம் தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழி. நீண்ட விரல்களால் எடை பரவுவதால் இலை அமிழாது. என் மகள் அதையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்குத்தான் காபி போச்சு!

நேரமிருந்தால் பழையாறு கடலில் சேரும் மணக்குடிக்கும் போய்வாருங்கள். அங்கே அலையாத்தி மரங்கள் உண்டு. பைனாகுலர் மட்டும் மறக்காதீர்கள், கைபேசி கேமரா இதற்கு உதவாது.